வெள்ளி என்னும் விடியற் சொல்

மார்கழி மாதத்தில் திருப்பள்ளியெழுச்சிக்கும் விசுவரூப தரிசனத்திற்கும் வரும் அடியார்கள், நீராடித் திருமண் தரித்துக் கோபுர வாயிலில் குளிர் தாங்கி நிற்கும் வேளையில், கீழ்வானத்தை ஒருமுறையேனும் நோக்காமல் இருப்பதில்லை. திருப்பாவையின் பதின்மூன்றாம் பாசுரத்தில் ஆண்டாள் நாச்சியார் அருளிச்செய்த வெள்ளி எது என்று தேடுகின்ற பார்வை அது. ஒளி மிகுந்த மீன் ஒன்று தென்பட்டால், ‘அதோ வெள்ளி’ என்று கைகூப்புவர். சில ஆண்டுகளில் கீழ்வானில் அவ்வாறு ஒன்றும் தென்படுவதில்லை. அப்பொழுது, ‘நாச்சியார் கண்டு பாடியதா, அல்லது புலவர் மரபை ஒட்டிப் பாடிய அலங்காரந்தானா?’ என்னும் ஐயம் சிலர் மனத்தில் எழுகின்றது. பெரியோரிடம் கேட்கக் கூசி, ஐயத்தோடே சந்நிதிக்குள் நுழைபவரும் உளர்.

கூச வேண்டுவதில்லை. அந்த ஐயத்தைத் திருப்பாவைக்குள்ளே படுத்திருக்கும் ஆய்ச்சியே முதலில் கேட்டுவிட்டாள் என்பதைப் பின்னே காண்போம். சொல்லின் வரலாற்றை முதலில் அறிந்துகொண்டால் அவள் கேள்வியும் தோழியர் விடையும் நன்கு விளங்கும்.

‘வெள்’ என்னும் அடிச்சொல்லுக்கு வெண்மை, ஒளி என்பன பொருள். அதிலிருந்து பிறந்தது வெள்ளி. உலோகத்திற்கும், கோளுக்கும், அக்கோளின் கிழமைக்கும் அதுவே பெயராயிற்று. வடமொழியில் அக்கோளுக்குரிய சுக்ரன் என்னும் பெயரும் இதே பொருளுடையதாதல் கருதத்தக்கது. ஒளிர்தலைக் குறிக்கும் ‘சுச்’ என்னும் தாதுவிலிருந்து வந்தது அச்சொல். வெண்மையைக் குறிக்கும் சுக்லம் என்பதும் அதற்கு உறவான சொல்லே. இரு மொழியாளரும் ஒரே மீனைத் தனித்தனியே கண்டு, ஒரே பண்பினால் பெயரிட்டனர் போலும். வானத்தில் சூரிய சந்திரருக்கு அடுத்தபடி ஒளி மிக்கது அதுவேயாதலின், வேறு பெயர் தோன்றுவதற்கு இடமில்லை.

தமிழர் கோள்களுக்கு நிறத்தால் பெயரிடும் வழக்கமுடையவர். சிவந்தது செவ்வாய், வெளுத்தது வெள்ளி, கறுத்ததாகிய சனி காரி என்றும் மைம்மீன் என்றும் வழங்கப்பட்டது. வியாழனுக்குப் பொன் என்றொரு பெயரும் உண்டு. ஆண்டளப்பான் என்பதும் அதன் பெயரே. ஒரு ராசிக்கு ஏறத்தாழ ஓராண்டாகப் பன்னிரு ராசிகளையும் சுற்றி வருவதால் அப்பெயர் பொருந்துகிறது. ஆகவே வெள்ளி கிளம்ப வியாழன் மறைந்தது என்று கேட்கும்பொழுதே, பொன் ஒளி மேற்கே அடங்க வெள்ளியொளி கிழக்கே முளைத்தது என்னும் காட்சியும் தமிழ்ச் செவிக்கு உடன் கிடைத்துவிடுகின்றது.

சங்க நூல்களில் இம்மீனைப் பற்றிய வழக்குகள் இரண்டு. ஒன்று அச்சத்தோடு கூடியது. வெள்ளி தன் நெறி மாறித் தென்திசை செல்லுமாயின் மழை பொய்க்கும் என்று பண்டையோர் நம்பினர். பட்டினப்பாலையின் தொடக்கத்திலேயே, வெண்மீன் திசை திரிந்து தெற்கே போனாலும் காவிரி தவறாது என்று கடியலூர் உருத்திரங்கண்ணனார் சோழநாட்டைச் சிறப்பிக்கின்றார். புறநானூற்றின் 35ஆம் பாட்டிலும், பாரியைக் கபிலர் பாடிய 117ஆம் பாட்டிலும், சிலப்பதிகாரத்து நாடுகாண் காதையிலும் இதே கருத்து வருகின்றது. நிகண்டுகள் வெள்ளிக்கு மழைக்கோள் என்று பெயர் கூறுவதும் இதனாலேயே. வடமொழியிலும், வராஹமிஹிரர் தம் பிருஹத் ஸம்ஹிதையில் சுக்ரசாரம் என்று ஓர் அத்தியாயமே வைத்து, இக்கோளின் சஞ்சாரத்தை மழையோடும் விளைவோடும் சேர்த்துப் பேசுகின்றார். திருப்பாவை நோன்பும் மழையை வேண்டி நோற்கப்படுவதே. மூன்றாம் பாசுரம் மாதம் மும்முறை மழையைக் கூறுகின்றது. நான்காம் பாசுரம் மழைக்கு உரிய தேவனையே அழைத்து ஏவுகின்றது. மழைக்கோள் நெறி தவறாமல் கிழக்கே கிளம்பியது என்பது அந்த நோன்பு நோற்கும் சிறுமியர்க்கு எத்தனை மகிழ்ச்சி தந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

மற்றொன்று துயில் எழுப்பும் வழக்கு. நம் பொருளுக்கு இன்றியமையாதது இதுவே. கிணைப்பறை கொட்டும் பொருநன் விடியற்காலத்தில் வள்ளலின் வாயிலிலே சென்று நின்று பாடுவதாகப் புறநானூற்றில் பல பாட்டுக்கள் உள்ளன. அவற்றுள் சிலவற்றில் பொழுது குறிப்பது வெள்ளி. அவற்றுள் 397ஆம் பாட்டு தனித்து நோக்கத்தக்கது. சோழன் குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவனை எருக்காட்டூர்த் தாயங்கண்ணனார் பாடியது அது. வானத்திலே வெள்ளி எழுகின்றது; மரக்கிளைக் கூடுகளில் பறவைகள் குரல் காட்டுகின்றன; பொய்கையில் மலர்கள் கண் விழிக்கின்றன; நிலவொளி குறைகின்றது; முரசமும் வலம்புரிச் சங்கமும் முழங்குகின்றன; அரசே, துயில் எழுக என்பது அதன் போக்கு. திருப்பாவையை நாள்தோறும் அனுசந்திப்பவர் இதைக் கேட்டவுடன் திடுக்கிடுவர். பறவைக் குரல், சங்கொலி, பொய்கை மலர், வெள்ளி ஆகிய இந்நான்கும் ஆறாம் பாசுரம் முதல் பதினான்காம் பாசுரம் வரையில் ஒவ்வொன்றாக வருகின்றன அல்லவா? பொருநன் கையிலே பறை உண்டு. பரிசில் வேண்டி நின்றான். ஆய்ச்சியரோ பறையையே பரிசிலாக வேண்டி நின்றனர். அங்கே எழுப்பப்படுபவன் அரசன். இங்கே அரசனாகிய கண்ணனை எழுப்புமுன் தோழியை எழுப்ப வேண்டியிருக்கின்றது. அடியாரை முன்னிட்டே எம்பெருமானை அடைய வேண்டும் என்னும் சம்பிரதாயத்தின்படி, பழைய துயிலெடை வழக்கை நாச்சியார் மாற்றியமைத்தார் என்று கொள்வதில் தவறில்லை.

வைகுறு மீன் என்றும் ஒரு பெயர் பெரும்பாணாற்றுப்படையிலும் அகநானூற்றிலும் காணப்படுகின்றது. வைகறையில் தோன்றும் மீன் என்பது பொருள். இன்று பேச்சிலும் பத்திரிகைகளிலும் பெருவழக்காய் உள்ள விடிவெள்ளி என்னும் தொடர் திருப்பாவையில் இல்லை. நாட்டுப்புறத்தார் ‘வெள்ளி முளைக்கிற நேரம்’ என்றுதான் இன்றும் சொல்லுவர். கடிகாரம் இல்லாத காலத்தில் ஏர் பூட்டுவதற்கும் வழிப்பயணம் கிளம்புவதற்கும் அதுவே குறி. தலைவர்களையும் நடிகர்களையும் விடிவெள்ளி என்று சுவரொட்டிகளில் அழைப்பது பிற்காலத்துப் பெருந்தன்மை. அதனைப் பற்றி இங்கே பேச வேண்டுவதில்லை.

இனிப் பாசுரத்துக்கு வருவோம். தோழியர் ஒரு வீட்டு வாயிலில் நிற்கின்றனர். மற்றச் சிறுமியர் அனைவரும் பாவை நோற்கும் களத்திற்குச் சென்றுவிட்டதைச் சொல்லுகின்றனர். உள்ளே அசைவில்லை. அதன் பின்பே வெள்ளி எழுந்ததையும் வியாழன் அடங்கியதையும் சான்றாக எடுத்துரைக்கின்றனர். அழகிய கண்களை உடையவளான அவளோ குளிரக் குடைந்து நீராடாமல் படுக்கையிலே கிடக்கின்றாள்.

இங்கே வியாக்கியாதாக்கள் உள்ளே இருப்பவளுக்கும் வெளியே நிற்பவருக்கும் நடக்கும் ஓர் உரையாடலை விரித்துக் காட்டுகின்றனர். ‘வெள்ளி எழுந்தது, வியாழன் உறங்கிற்று’ என்று அவர்கள் சொன்னவுடன், ‘உங்களுக்கென்ன, வானத்தில் எந்த மீனைக் கண்டாலும் அது வெள்ளியாகவும் வியாழனாகவும் தோன்றும்’ என்னும் கருத்துப்பட உள்ளிருப்பவள் மறுக்கின்றாளாம். கண்ணனைக் காணும் ஆவலால் விடியாததையும் விடிந்ததாகக் கொள்ளுகின்றீர்கள் என்பது அவள் குற்றச்சாட்டு. அதனாலேயே தோழியர் அடுத்த சான்றாகப் பறவைகள் இரை தேடக் கிளம்பி ஒலித்ததைக் கூறுகின்றனர். முன்னே எட்டாம் பாசுரத்திலும் இதே நிலை. கிழக்கு வெளுத்தது என்று அவர்கள் சொல்ல, அது விடியலன்று, கிழக்கையே நோக்கி நிற்கும் உங்கள் திருமுகங்களின் ஒளி அங்கே பட்டுத் திரும்புகின்றது என்று உள்ளிருந்தவள் மறுத்தாள் என்பர். இரண்டு மறுப்புக்களும் ஆசையால் அறிவு மயங்கும் என்பதையே அடிப்படையாகக் கொண்டவை. கோபுர வாசலில் ‘அதோ வெள்ளி’ என்று கைகாட்டுபவரை நோக்கி நாம் கேட்கக்கூடிய கேள்வியும் இதுவே.

தோழியர் கண்டது மெய்யா என்பதைச் சோதிக்க முடியுமா? முடியும். அவர்கள் சொன்ன செய்தியிலேயே சோதனை அடங்கியிருக்கின்றது.

வெள்ளி சூரியனுக்கும் பூமிக்கும் இடைப்பட்ட வழியில் சுற்றும் கோள். ஆதலால் நம் பார்வையில் அது சூரியனை விட்டு 47 பாகைக்கு மேல் விலகுவதில்லை. கால அளவிற் சொன்னால், சூரியோதயத்துக்கு ஏறக்குறைய மூன்று மணி நேரத்துக்கு, அதாவது ஏழரை நாழிகையாகிய ஒரு யாமத்துக்கு, முன்னே அது உதிப்பதில்லை. நள்ளிரவில் உச்சியில் ஒளிரும் மீன் எதுவாயினும் அது வெள்ளியாகாது. கீழ்வானில் வெள்ளி எழுந்துவிட்டதென்றால் இரவின் கடை யாமம் நடக்கின்றது என்பது திண்ணம். விடியலுக்கு அதனைச் சான்றாகக் கொண்டது வெறும் மரபன்று, கணக்குக்கு ஒத்தது.

வியாழன் அப்படிப்பட்டதன்று. அது பூமிக்கு வெளிவட்டத்தில் சுற்றுவது. இரவின் எந்த யாமத்திலும் வானத்தின் எப்பகுதியிலும் இருக்கலாம். அதுவும் மிகுந்த ஒளியுடையது. வெள்ளி இல்லாத விடியலில் கிழக்கே வியாழன் நின்றால், பழக்கமில்லாதவர் அதனையே வெள்ளி என்று மயங்குவர். உள்ளிருப்பவள் அஞ்சியதும் இம்மயக்கத்தையே. தோழியர் இரண்டையும் ஒருங்கே சொல்லி அம்மயக்கத்தை நீக்கிவிட்டனர். எழுந்தது வெள்ளி, சாய்ந்தது வியாழன் என்றனர். இவ்விரண்டு பெயரையும் இடம் மாற்றிச் சொல்லியிருந்தால் அவர்கள் சொல் உறுதியாகப் பொய்யாகும். ஏனெனில் விடியலில் மேற்கே மறையும் மீன் ஒருக்காலும் வெள்ளியாக இருக்க முடியாது. சூரியன் கிழக்கே வர, அதனை விட்டு அகலாத வெள்ளி மேற்கே எவ்வாறு நிற்கும்? வானநூல் அறியாத ஆய்ச்சியர் வாயில் வைத்த சொல் வானநூலுக்குச் சிறிதும் மாறுபடவில்லை. வெறும் அலங்காரமாகப் பாடுவோர்க்கு இந்த ஒழுங்கு தானே வந்து அமைவதில்லை.

ஆயினும் எல்லா மார்கழியிலும் இக்காட்சி கிடைக்காது. வெள்ளி ஏறக்குறைய 584 நாட்களுக்கு ஒருமுறை தன் சுற்று நிலைகளை முடிக்கின்றது. அதில் ஏறத்தாழ 263 நாட்கள் விடியலில் கிழக்கே தோன்றும். ஏறத்தாழ அத்தனை நாட்கள் மாலையில் மேற்கே தோன்றும். இடையிலுள்ள நாட்களில் சூரியனுடைய ஒளியில் மறைந்துவிடும். பஞ்சாங்கத்தில் சுக்ர மௌட்யம் என்று குறிக்கப்படுவதும், விவாகம் முதலிய சுபகாரியங்களுக்கு விலக்கப்படுவதும் அம்மறைவுக் காலமே. மாலையில் தோன்றும் மீனும் விடியலில் தோன்றும் மீனும் ஒன்றே என்பதைச் சிலர் இன்றும் அறியார். 2024ஆம் ஆண்டு மார்கழியில் வெள்ளி மாலை வானில்தான் சுடர்விட்டது. வியாழனோ விடியலில் மேற்கே சாய்ந்தது. அவ்வாண்டு நாச்சியார் கூறியதில் பாதியே கண்ணுக்குக் கிட்டியது. 2012ஆம் ஆண்டு மார்கழியின் முதல் நாட்களில், கிழக்கே வெள்ளி உதித்துச் சிறிது நேரத்துக்கெல்லாம் மேற்கே வியாழன் மறைந்தது. அன்று கோயில் வாசலில் நின்றவர் அறிந்தோ அறியாமலோ பதின்மூன்றாம் பாசுரத்தின் வானத்தின் கீழே நின்றனர்.

இக்காட்சியைக் கொண்டு ஆண்டாளின் காலத்தைக் கணிக்க முயன்ற அறிஞரும் உளர். பேரறிஞர் மு. இராகவையங்கார் தம் ‘ஆழ்வார்கள் காலநிலை’ என்னும் நூலில், மார்கழி, முழுமதி, வெள்ளி உதயம், வியாழன் அத்தமனம் ஆகிய யாவும் பொருந்தும் நாள் கி.பி. 731 டிசம்பர் 18 என்று முடிவு செய்தார். பின்னே வந்தோர் வேறு ஆண்டுகளும் கூறியுள்ளனர். அவருடைய உழைப்பு போற்றத்தக்கது. ஆனால் முடிவை இறுதியாகக் கொள்ளுதல் அரிது. வெள்ளியின் ஐந்து சுற்று ஏறத்தாழச் சரியாக எட்டு ஆண்டில் முடிகின்றது. வியாழன் ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டில் தன் இடத்துக்குத் திரும்புகின்றது. ஆகவே இத்தகைய அமைப்பு ஒரு நூற்றாண்டிலேயே பலமுறை வரக்கூடும். அன்றியும் இங்கே இலக்கணச் சிக்கலும் ஒன்று உண்டு. ‘எழுந்து’ என்பது செய்து என்னும் வாய்பாட்டு வினையெச்சம். அது தன் எழுவாயின் வினையைக் கொண்டே முடிய வேண்டும் என்பது பொது விதி. இங்கே எழுந்தது ஒன்று, உறங்கியது வேறொன்று. ஆதலின் ‘எழ’ என்று திரித்துக் கொள்ள வேண்டும். அவ்வாறு கொண்டால், ஒன்று எழும் அதே கணத்தில் மற்றது மறைந்தது என்றும் பொருள்படும். ஒன்று எழுந்த அவ்விரவிலே மற்றதும் மறைந்துவிட்டது என்று நெகிழ்வாகவும் பொருள்படும். முதற்பொருள் கொண்டால் நாட்கள் சுருங்கும். இரண்டாவது கொண்டால் நாட்கள் பெருகும். ஓர் எச்சத்தின் மேல் ஒரு நூற்றாண்டையே நிறுத்துவது சற்றுக் கடினம்.

இலக்கணத்தைப் பேசும்போதே அவ்விரு வினைகளின் அழகையும் சொல்லிவிட வேண்டும். கோள்களுக்கு உதித்தல், மறைதல் என்று சொல்வதே இயல்பு. நாச்சியார் வெள்ளிக்கு எழுதலையும் வியாழனுக்கு உறங்குதலையும் கொடுத்தார். அவை வாயிலில் நிற்பவரும் உள்ளே கிடப்பவளும் செய்யும் தொழில்கள். இரவெல்லாம் விழித்திருந்த வியாழனுக்கு உறங்கும் உரிமை உண்டு. இரவெல்லாம் உறங்கிய உனக்கு ஏது என்று கேளாமல் கேட்கின்றனர்.

ஒரு தடையும் கூறப்படுவதுண்டு. எட்டாம் பாசுரத்திலேயே கிழக்கு வெளுத்துவிட்டது. அதற்கு முன்பே உதித்திருக்க வேண்டிய வெள்ளியைப் பதின்மூன்றில் கூறுவது முறையா என்பர். பத்துப் பாசுரங்களையும் ஒரே விடியலின் நாழிகைக் கணக்காகக் கொள்வதால் வரும் இடர்ப்பாடு இது. தோழியர் ஒவ்வொரு வீட்டிலும் அவ்வவளுக்கு ஏற்ற சான்றைக் கூறுகின்றனர். வெளுப்பைக் கூறியபோது முகவொளி என்று மறுத்தாள் ஒருத்தி. வெளுப்பு மயக்கத்துக்கு இடந்தரும்; ஒரு புள்ளியாய் நின்று ஒளிரும் கோளைக் கைவிரலால் சுட்டிக் காட்டலாம். மயக்கத்துக்கு இடமுள்ள சான்றுக்குப் பின்னே இடம் குறைந்த சான்றை வைத்தது முறையே.

இனி, சாத்திரம் கற்றோர் கேட்கும் கேள்வி ஒன்று எஞ்சியுள்ளது. சுக்ரன் அசுரர்க்கு ஆசாரியன். பிருகஸ்பதி தேவர்க்கு ஆசாரியன். அசுரகுரு எழ, தேவகுரு உறங்குவது மங்களமாகுமா? உபந்யாசகர் சிலர், நாத்திகம் பேசும் நூலைப் பிருகஸ்பதியின் பெயரால் வழங்குவதை எடுத்துக்காட்டி, அம்மதம் அடங்கியதே வியாழன் உறங்கியது என்று உட்பொருள் கூறி விடையிறுப்பர். அது நயமே, எனினும் நேர்ப்பொருளே நமக்குப் போதுமான விடையைத் தருகின்றது.

மாவலி வேள்வியில் வாமனனுக்குத் தானம் கொடாதே என்று தடுத்தவன் சுக்ரன். நீர் வார்க்கும் கெண்டியின் துளையை அடைத்து நின்று, தருப்பையின் நுனியால் ஒரு கண் இழந்தான். இச்சரித்திரத்தைப் பெரியாழ்வார் தம் திருமொழியில் கண்ணனை அச்சோ என்று அணைக்க அழைக்கும் பதிகத்தில் பாடியுள்ளார். அங்கே அவர் ஆண்டது சுக்கிரன் என்னும் வடசொல். அவர் திருமகளார் ஆண்டதோ வெள்ளி என்னும் தமிழ்ச்சொல். ஒரே இல்லத்தில் இரண்டு சொல்லும் வழங்கின. கதையில் வரும் ஆசாரியனைக் கூறும்போது தந்தை புராணப் பெயரைக் கொண்டார். வானத்தில் தெரியும் மீனைக் கூறும்போது மகளார் ஆயர்பாடிப் பெயரைக் கொண்டார். ஆய்ச்சியர் அறிந்தது கோளை, அசுரகுருவை அன்று. மாடு கறக்கும் வீட்டுச் சிறுமி வெள்ளி முளைத்ததைப் பார்த்துத் தைத்யகுரு வந்துவிட்டான் என்றா அஞ்சுவாள்?

அசுரகுரு என்றே வைத்துக்கொண்டாலும் குறைவில்லை. அமரகோசம் அவனுக்குக் கூறும் பெயர்களில் பார்க்கவன், உசனஸ், கவி என்பனவும் உள்ளன. பகவத் கீதையின் பத்தாம் அத்தியாயத்தில் கண்ணபிரான் தன் விபூதிகளை எண்ணிக் கூறுகையில், கவிகளுள் உசனஸாக இருப்பவன் தானே என்கின்றான். அதே அத்தியாயத்தில் புரோகிதர்களுள் பிருகஸ்பதியும் தானே என்கின்றான். மாதங்களுள் மார்கழியாக இருப்பவன் தான் என்பதும் அங்கேயே உள்ளது. எழுந்த வெள்ளி, உறங்கிய வியாழன், அவை தோன்றிய மார்கழி ஆகிய மூன்றையும் தன்னவையாக அவன் ஓர் அத்தியாயத்திலேயே அங்கீகரித்திருக்கின்றான். பிருகுவின் குலத்தில் தோன்றியதால் பெரிய பிராட்டியாருக்கும் பார்க்கவி என்னும் திருநாமம் உண்டு, சுக்ரனும் அக்குலத்தவனே. வெள்ளிக்கிழமைகளில் தாயார் சந்நிதிகளில் சிறப்பு ஆராதனம் நடைபெறுவதைச் சேவிப்பவர்கள் இவ்வுறவையும் நினைவிற் கொள்ளலாம்.

கண்ணிழந்த சுக்ரன் எங்கே போனான் என்பதற்குச் சோழநாட்டுத் திவ்யதேசம் ஒன்று விடை கூறுகின்றது. கும்பகோணத்துக்கு வடகிழக்கே உள்ள திருவெள்ளியங்குடி, திருமங்கையாழ்வார் பத்துப் பாசுரங்களால் மங்களாசாசனம் செய்தருளிய தலம். எழுந்தருளியிருப்பவர் கோலவில்லிராமன், தாயார் மரகதவல்லி. சுக்ரன் இங்கே தவம் புரிந்து தன் கண்ணொளியைத் திரும்பப் பெற்றான் என்பது தலவரலாறு. வெள்ளி வழிபட்ட குடியாதலின் வெள்ளியங்குடி ஆயிற்று என்பர். சந்நிதியில் அணையாது எரியும் நேத்திர தீபம் அவனுடைய கண்ணொளியே என்று அர்ச்சகர்கள் எடுத்துரைப்பர். தடுத்து நின்ற குற்றத்துக்குக் கண்ணைக் கொண்டவனே, வணங்கி நின்றபோது ஒளியைத் தந்தான். அவ்வொளியோடு விடியலில் எழும் வெள்ளியை ஆய்ச்சியர் மங்களச் சான்றாகக் கொண்டதில் வியப்பென்ன?

துயிலெழுப்பும் பத்துப் பாசுரங்களிலும் பத்து ஆழ்வார்களைக் கண்டு அனுபவிக்கும் பெரியோர், பதின்மூன்றாவதில் தொண்டரடிப்பொடியாழ்வாரை வைப்பதுண்டு. திருவரங்கத்துப் பெருமானைத் துயிலெழுப்பத் திருப்பள்ளியெழுச்சி பாடியவர் அவர். அவர் பாடத் தொடங்கும்போதே கதிரவன் கீழ்த்திசையில் வந்துவிட்டான். விண்மீன்கள் ஒளி சுருங்கிவிட்டன. வெள்ளிக்கு அங்கே இடமில்லை. எம்பெருமானை எழுப்புவோர்க்குக் கதிரவன் வந்தாற் போதும். அடியாரை எழுப்புவோர் அதற்கு முன்பே, வெள்ளி எழும் யாமத்திலேயே வாயிலில் வந்து நிற்க வேண்டியிருக்கின்றது. மார்கழியில் திருப்பள்ளியெழுச்சியும் திருப்பாவையும் சேர்த்துச் சேவிக்கப்படுவதைக் கேட்கும் யாத்திரிகர்கள் இப்பொழுதின் வேறுபாட்டையும் உணர்ந்து கேட்கலாம்.

பதின்மூன்றாம் பாசுரத்தில் உள்ளிருப்பவள் விடை சொன்னதாக நாச்சியார் பாடவில்லை. கள்ளத்தை விட்டு எங்களோடு கலந்துகொள் என்று சொல்லித் தோழியர் அடுத்த வீட்டுக்குப் போகின்றனர். அங்கே வானத்துச் சான்று எதுவும் இல்லை. அவ்வீட்டுப் பின்கட்டுத் தோட்டத்துக் குளத்தில் செங்கழுநீர் மலர்ந்து ஆம்பல் குவிந்ததையும், காவி உடுத்த துறவியர் திருக்கோயிலில் சங்கு ஊதச் செல்வதையும் காட்டுகின்றனர். வெள்ளியைக் காட்டிய பிறகு வானத்தை நோக்க வேண்டிய தேவை அவர்களுக்கு மீண்டும் நேரவில்லை.